தீர்மானம் எண் பதினேழு

முன்மொழிந்தவர் டைனா குவிகுவிஷ்.
வழிமொழிந்தவர் ஹோசியா வாபாஸ்,
சூ லுக்அவுட் விமான நிலையத்திலிருந்து, தொலைபேசியில்.
அங்கே பனிமூட்டம், விமானம் எழவில்லை.
மேசை நடுவே பிளாஸ்டிக் பெட்டிக்குள்
இருமிக்கொண்டிருந்தது அவர் குரல்.
குரலும் ஓர் ஆள்தான் என்றார் தலைவர்.
கோரம் உண்டு என்று எழுதிக்கொண்டேன்.

எழுதுவது என் வேலை.
அவர்கள் பேசுவது எங்கள் மொழியில்,
நான் எழுதுவது ஒட்டாவா படிக்கும் மொழியில்.
நடுவில் சிந்துவதற்குக் கணக்கில்லை.

பொருள்: இடுகாடு நிறைந்துவிட்டது.
தேவாலயத்தின் பின்னால் இனி
ஒரு கைக்குழந்தைக்கும் இடமில்லை.
ரிசர்வுக்குள் எங்கே தோண்டினாலும்
இரண்டடியில் பாறை.
பாறை இல்லாத இடத்தில் சதுப்பு.
மணல் வேண்டுமென்றால் வடக்கே அந்த மேடுதான்,
எப்போதோ பனியாறு விட்டுப்போன நீண்ட முதுகு,
பைன் மரங்கள், அடியில் புளூபெர்ரி.
கோட்டுக்கு அந்தப் பக்கம்
நானூறு மீட்டர்.

தொள்ளாயிரத்துச் சொச்சத்தில்
கொசுக்கடி தாங்காத அளவைக்காரர்கள்
அவசரத்தில் இழுத்த கோடு அது.
ஏரிக்குள் நேராக இறங்கி
மறுகரையில் உலர்ந்தபடி ஏறும்.
மீன்களுக்கு அதைப் பற்றித் தகவல் இல்லை.

கோட்டுக்கு இந்தப் பக்கம் எங்களுக்கு ஒதுக்கியது.
எங்கள் பேச்சில் இஷ்கோனிகன்: மிச்சம்.
சட்டியின் அடியில் கிடப்பதற்கும் அதே சொல்.
அந்த மிச்சத்துக்கும் பட்டா மகுடத்தின் பேரில்.

ஒட்டாவாவைக் கேட்டோம்:
கோட்டுக்கு வெளியே மண் மாகாணத்துடையது.
டொராண்டோவைக் கேட்டோம்:
மண் எங்களுடையது, நீங்கள் அவர்களுடையவர்கள்.
இரண்டு கடிதமும் ஒரே உறையில்தான் வைத்திருக்கிறேன்,
ஒன்றோடொன்று பேசிக்கொள்ளட்டும்.

ஐசாயா சகாகீப்
ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஹாக்கி அரங்கின் பின்னறையில்,
பனிக்கட்டி வழிக்கும் வண்டிக்குப் பக்கத்தில்.
அவருக்குப் பரிச்சயமான இடம்,
அந்த வண்டியைப் பழுதுபார்த்ததே அவர்தான்.

கடைசி நாற்காலியில் லியோனா.
தேநீர் ஆறிப்போனது.
கேட்டதற்கெல்லாம் தலையாட்டியவள்
திடீரென்று சொன்னாள்:
குளிர்காலச் சாலை முழுக்கக் கோட்டுக்கு வெளியேதான்.
முப்பது வருஷம் அதில் பனி தள்ளினான்.
யாருடைய மண் என்று
அப்போது ஒருத்தரும் கேட்கவில்லை.

கொஞ்ச நேரம்
எண்ணெய் அடுப்பு மட்டும் பேசியது.
பெட்டிக்குள் ஹோசியா,
தொடர்பு அறுந்துவிட்டதா என்று கேட்டார்.

டைனா என் தோள்மேல் குனிந்தாள்.
'அனுமதி கோருகிறோம்' என்றிருந்த இடத்தில்
அவள் நகம் நின்றது.
இதை அடி.
'தெரிவிக்கிறோம்' என்று போடு.

அடித்தேன்.
ஒரு சொல்தான். பேனா தாளைக் கொஞ்சம் கிழித்துவிட்டது.
ஆதரவு ஐந்து, எதிர்ப்பு இல்லை,
ஒருவர் இருமல்.

அன்றிரவே மேட்டில் தீ போட்டார்கள்.
பிர்ச் கட்டைகள், மேலே தகர ஷீட்.
உறைந்த மண் ஒரு சாண் இளகும்,
சாம்பலை வழித்து அந்தச் சாணைத் தோண்டுவார்கள்,
மறுபடி தீ.
மூன்று இரவு.
ஊரிலிருந்து பார்த்தால்
கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு
விளக்கேற்றிக்கொண்டு முழித்திருப்பது போலிருந்தது.

வியாழக்கிழமை இறக்கினோம்.
பலகையில் பெயர் எங்கள் எழுத்தில்,
முக்கோணமும் கொக்கியுமாக.
அளவைக்காரர்களுக்கு அது
ஏதோ குறியீடு போலத் தெரியலாம்.

ஜூனில் பதில் வந்தது.
விண்ணப்பம் கிடைத்தது, நன்றி.
(நாங்கள் விண்ணப்பிக்கவில்லை.)
வரைபடம் இணைக்கவும்.
படிவத்தில் ஒன்பதாவது கேள்வி:
நிலத்தைப் பயன்படுத்தப்போகும் காலம்,
வருடங்களில்.

ஒரு சின்னக் கட்டம்,
இரண்டு இலக்கம் கொள்ளும்.
படிவம் இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது.
அதற்குள் மேட்டில்
இன்னும் இரண்டு பேர்.